ஸ்டென்ட்டுக்குக் காசு இருக்கு... மாத்திரைக்கு `ஸ்டாக் இல்லை!' - முன்னாள் ராணுவ வீரர்களின் மாதாந்திரப் போராட்டம்

உங்க அப்பாவோ, பெரியப்பாவோ, தாய்மாமாவோ ராணுவத்தில் இருந்தவரா? அப்படின்னா இந்தக் காட்சி உங்களுக்குப் புதுசா இருக்காது.

காலை 6 மணி பஸ். கையில் ஒரு மஞ்சப்பை. பைக்குள்ள லேமினேட் பண்ணின பென்ஷன் ஆர்டர், ஸ்மார்ட் கார்டு, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, மடிச்சு மடிச்சு நைந்துபோன மருந்துச் சீட்டு. வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கிளம்பி, சிவகாசியில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து, பாலிகிளினிக்கில் டோக்கன் போட்டு, டாக்டரைப் பார்த்து, மருந்து கவுன்ட்டருக்குப் போனால்... சீட்டில் இருக்கும் ஆறு மாத்திரைகளில் நான்குக்கு டிக். இரண்டுக்கு `என்.ஏ'. அதாவது, நாட் அவைலபிள். ``அடுத்த வாரம் வந்து பாருங்கய்யா'' என்கிறார் கவுன்ட்டரில் இருப்பவர்.

சரி, ரெண்டு மாத்திரைதானே என்று விட்டுவிட முடியுமா? இதய நோயாளிக்கு முடியாது. இல்லாத அந்த இரண்டில் ஒன்று, ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரையாக இருந்தால் `அடுத்த வாரம்' என்ற வார்த்தைக்கே அர்த்தம் மாறிவிடுகிறது.

இது ஏதோ ஒரு ஊர்ப் பிரச்னையோ, ஒரு கவுன்ட்டர் ஊழியரின் தவறோ அல்ல. நாடு முழுக்க முன்னாள் படைவீரர்கள் பல வருடங்களாகச் சொல்லிவரும் குறை. ஆனா, விருதுநகர் மாவட்டம் மாதிரியான இடத்தில் அதன் வலி கொஞ்சம் கூடுதல். ஏன் என்று பார்ப்போம்.

பட்டாசு ஊரில் பட்டாளத்துக்காரர்கள்

சிவகாசி என்றதும் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று மூன்றைச் சொல்வோம். நாலாவதாகச் சொல்ல வேண்டியது பட்டாளம். மழையை நம்பிய கரிசல் நிலம். விவசாயம் கைகொடுக்காத வருடங்கள் அதிகம். படித்து முடித்த பையனுக்கு முன்னால் இருந்த வழிகள் இரண்டு, மூன்றுதான். ஆலைக்குப் போகலாம், வெளியூருக்குப் போகலாம், அல்லது ஆள் சேர்ப்பு முகாமில் ஓடி ஜெயித்து ராணுவத்துக்குப் போகலாம். சாத்தூர், சிவகாசி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரங்களில் `மிலிட்டரிக்காரர் வீடு' என்று அடையாளம் சொல்லாத தெருக்கள் குறைவு.

17 வருடம், 20 வருடம் சர்வீஸ் முடித்து, 40 வயதை ஒட்டி ஊர் திரும்புகிறார்கள். பலர் அப்போதும் சும்மா இருப்பதில்லை. ஆலை வாசலில், ஏ.டி.எம் வாசலில், குடோனில் செக்யூரிட்டி வேலை. 60-ஐ நெருங்கும்போது பி.பி, சுகர். ஒருநாள் நெஞ்சுவலி. மதுரைக்கு ஓட்டம். ஆஞ்சியோ, ஸ்டென்ட். பிறகு வீடு.

இதுவரைக்கும் நடப்பதெல்லாம் பெரும்பாலும் கார்டிலேயே முடிந்துவிடுகிறது. அதற்காக அந்தத் திட்டத்தைப் பாராட்டத்தான் வேண்டும். சிக்கல், வீட்டுக்கு வந்த பிறகு ஆரம்பிக்கிறது.

ஸ்டென்ட் வெச்சாச்சு... இனி மாத்திரை எதுக்கு?

இந்தக் கேள்வியை நம் வீட்டிலேயே கேட்டிருப்போம். பதிலைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்டென்ட் என்பது அடைப்பைத் தள்ளி, ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் ஒரு உலோக வலை. உடம்புக்கு அது அந்நியப் பொருள். அதன் மேல் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டி உறைய வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும், கூடவே குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் மாதிரியான இன்னொரு மாத்திரையும். மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இந்த இரட்டை மாத்திரையைப் பொதுவாக ஒரு வருடம் தொடரச் சொல்வார்கள். அதன் பிறகும் ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை எல்லாம் பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்க.

டாக்டர் சொல்லாமல் இரட்டை மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது, ஸ்டென்ட்டுக்குள் திடீரென ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. மெட்டோப்ரோலால், அட்டெனோலால் மாதிரியான பீட்டா பிளாக்கர் மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினாலும் நெஞ்சுவலியும் படபடப்பும் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரலாம்.

ஆக, மாத்திரை என்பது சிகிச்சை முடிந்த பிறகு கொடுக்கும் துணை மருந்து இல்லை. அதுதான் சிகிச்சையின் மீதிப் பாதி. முதல் பாதிக்கு லட்சக்கணக்கில் செலவு செய்யும் அரசு, இரண்டாவது பாதியில் சில நூறு ரூபாய் மாத்திரைக்கு ஆளை அலையவிடுகிறது. அந்த மாத்திரை நின்றால் முதல் பாதிக்குச் செலவழித்ததும் வீண்.

காகிதத்தில் குறையே இல்லை

முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு சுகாதாரத் திட்டம், சுருக்கமாக இ.சி.ஹெச்.எஸ், 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. அதற்கு முன்பு ஓய்வுபெற்ற சிப்பாய்க்கு இருந்தது, எங்கேயோ இருக்கும் ராணுவ மருத்துவமனையும், பென்ஷனோடு வரும் சொற்ப மருத்துவப்படியும்தான். இன்று நாடு முழுக்க 30 மண்டல மையங்கள், 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள், 60 லட்சத்துக்கும் அதிகமான பயனாளிகள் என்று வளர்ந்து நிற்கிறது.

இது இலவசமாகக் கிடைத்ததும் இல்லை. ஓய்வுபெறும்போது ஒருமுறை பங்களிப்புத் தொகை கட்டுகிறார்கள். 2017 டிசம்பர் இறுதியில் மாற்றியமைக்கப்பட்ட கணக்குப்படி ஹவில்தார் வரை 30,000 ரூபாய், ஜே.சி.ஓ-க்களுக்கு 67,000 ரூபாய், அதிகாரிகளுக்கு 1,20,000 ரூபாய். 1996-க்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்கும் போரில் உயிரிழந்தவர்களின் மனைவியருக்கும் விலக்கு உண்டு. அதாவது, பாலிகிளினிக் கவுன்ட்டரில் நிற்கும் பெரியவர் தானமாக எதையும் கேட்கவில்லை. காசு கட்டி வாங்கிய உரிமையைக் கேட்கிறார்.

விதிப்படி நடக்க வேண்டியது இது. பாலிகிளினிக் இருப்பில் உள்ள மருந்தை அங்கேயே கொடுக்க வேண்டும். இல்லையென்றால், ஒப்பந்தம் செய்யப்பட்ட உள்ளூர் மருந்துக்கடை மூலம் வாங்கித் தர வேண்டும். அதுவும் முடியாதபோது, `இருப்பில் இல்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டு வெளியில் வாங்கி, பில்லைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். மூன்று அடுக்குப் பாதுகாப்பு. ஆயுள் முழுக்க சாப்பிட வேண்டிய மாத்திரையா இருந்தாலும் இதே வழிதான்.

அப்புறம் ஏன் அலைகிறார்கள்?

எங்கே அறுந்துபோகிறது?

முதல் காரணம், மருந்து வந்துசேரும் பாதை. பாலிகிளினிக் தன் தேவையைக் கணக்கிட்டு மேலே அனுப்ப வேண்டும். ராணுவ மருத்துவ அதிகாரிகள், மருந்துக் கிடங்கு, கொள்முதல், டெண்டர் என்று சுற்றி அது கீழே வர வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் தாமதமானால் கடைசியில் இருக்கும் சின்ன பாலிகிளினிக்கில்தான் அலமாரி காலியாகும். மத்தியக் கணக்குத் தணிக்கைத் துறையான சி.ஏ.ஜி, இந்தத் திட்டத்துக்கென்றே தனியாக ஒரு செயல்பாட்டுத் தணிக்கை செய்து 2015-ல் அறிக்கை கொடுத்தது. மருந்துத் தட்டுப்பாடும், மருத்துவமனை பில்கள் பைசலாவதில் தாமதமும் அதிலேயே பேசப்பட்டுவிட்டன. பத்து வருடங்கள் கடந்தும் அதே குறை கேட்கிறது.

இரண்டாவது, பணம். 2024-25-ல் இந்தத் திட்டத்துக்கு 6,968 கோடி ரூபாய். 2025-26-ல் 8,317 கோடி ரூபாய். வருடா வருடம் ஏறுகிறது என்பது உண்மை. ஆனால் இதில் பெரும்பகுதி அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளின் சிகிச்சை பில்களுக்குப் போகிறது. மருத்துவமனைக்கு பாக்கி வைத்தால் `கார்டு எடுக்க மாட்டோம்' என்று போர்டு மாட்டுவார்கள், செய்தியாகும். கிராமத்துப் பெரியவருக்கு ஒரு மாத்திரை கிடைக்கவில்லை என்றால் என்ன ஆகும்? அவர் தன் காசில் வாங்கிக்கொள்வார், அல்லது சாப்பிடாமல் இருந்துவிடுவார். இரண்டுமே செய்தியாகாது. எந்தத் தேவை சத்தம் போடாதோ, அதுதான் எப்போதும் கடைசியில் நிற்கும்.

மூன்றாவது, பிராண்ட் குழப்பம். மதுரையில் ஸ்டென்ட் வைத்த இதய நிபுணர் ஒரு கம்பெனி பெயரை எழுதியிருப்பார். பாலிகிளினிக்கில் அதே மூலக்கூறு வேறு பெயரில் இருக்கும். சில நேரம் அந்த மூலக்கூறே பட்டியலில் இருக்காது. அதற்குப் பதில் வேறு மாத்திரை மாற்றித் தரலாமா என்பதை பாலிகிளினிக் டாக்டர் முடிவுசெய்யத் தயங்குவார். அங்கே இதய நிபுணர் கிடையாது. திரும்பவும் ரெஃபரல், திரும்பவும் மதுரை பஸ்.

நாலாவது, ரீஇம்பர்ஸ்மென்ட் என்கிற பெயரில் இருக்கும் வழி. வழி இருக்கு, ஆனா நடக்கிறவங்க குறைவு. 800 ரூபாய் மாத்திரைக்காக ஒரிஜினல் பில், மருந்துச் சீட்டு நகல், `இருப்பில் இல்லை' முத்திரை, விண்ணப்பம் எல்லாம் சேர்த்து, அதைக் கொடுக்க ஒரு நாள், கேட்க ஒரு நாள், திருத்திக் கொடுக்க ஒரு நாள். செக்யூரிட்டி வேலையில் ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு. `விடுப்பா, நானே வாங்கிக்கிறேன்' என்று பெரியவர்கள் சொல்வது வசதியினால் அல்ல, சலிப்பினால். அப்படி விடப்பட்ட ஒவ்வொரு பில்லும் அரசின் கணக்கில் `தேவை இல்லை' என்றே பதிவாகிறது.

ஆபரேஷனுக்குத் திட்டம் உண்டு, மாத்திரைக்கு?

``சரி, வேற இன்ஷூரன்ஸ் இருக்கே'' என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்.

70 வயதைக் கடந்த எல்லோருக்கும் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆயுஷ்மான் பாரத் காப்பீடு என்று 2024 அக்டோபர் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. வருமான வரம்பு இல்லை. ஆனால், ஏற்கெனவே இ.சி.ஹெச்.எஸ் போன்ற திட்டத்தில் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்வு செய்ய முடியும். `5 லட்சம்' என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அவசரப்பட்டு மாறிவிடாதீர்கள். ஆயுஷ்மான் திட்டம் மருத்துவமனையில் படுக்கும் சிகிச்சைக்கானது. மருந்துச் செலவு என்று பார்த்தால், அட்மிட் ஆவதற்கு 3 நாள்கள் முன்பும், டிஸ்சார்ஜ் ஆன பிறகு 15 நாள்கள் வரையும்தான். பதினாறாவது நாளிலிருந்து மாத்திரை உங்கள் பாக்கெட்டிலிருந்து. என்னதான் குறை இருந்தாலும், மாதா மாதம் மாத்திரை தரும் கடமை இ.சி.ஹெச்.எஸ்-ஸுக்குத்தான் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு போராடுவதே புத்திசாலித்தனம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அடிப்படையில் அறுவை சிகிச்சைக்கும் உள்நோயாளி சிகிச்சைக்குமானதுதான். நம் நாட்டுக் காப்பீடுகள் பெரும்பாலும் `ஒருநாள் நடக்கும் பெரிய சம்பவத்தை' மனதில் வைத்து உருவானவை. இதய நோயோ தினமும் காலையிலும் ராத்திரியிலும் நடக்கும் சின்னச் சின்ன சம்பவம். இந்தப் பொருத்தமின்மைதான் பிரச்னையின் வேர்.

கார்டே இல்லாத பட்டாளத்துக்காரர்கள்

இதுவரை பேசியது கார்டு உள்ளவர்களைப் பற்றி. பென்ஷன் இல்லையென்றால் பெரும்பாலும் இந்தக் கார்டும் இல்லை. 15 வருட சர்வீஸ் முடியும் முன்பே குடும்பச் சூழ்நிலையால் வெளியே வந்த சிப்பாய்கள் நம் ஊர்களில் கணிசமாக உண்டு. `எக்ஸ் சர்வீஸ்மேன்' என்று ஊரே கூப்பிடும். ஆஸ்பத்திரி கவுன்ட்டர் கூப்பிடாது.

இவர்களுக்கு இருக்கும் முதல் கதவு, விருதுநகர் ஆட்சியர் அலுவலக வளாகத்தை விசாரித்தாலே வழி சொல்லும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். மத்திய படைவீரர் வாரியம் மூலம் பென்ஷன் இல்லாதவர்களுக்கும் அவர்களின் கைம்பெண்களுக்கும் மருத்துவ உதவித்தொகை உண்டு. 30,000 ரூபாயாக இருந்த உச்சவரம்பு 50,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. ஆஞ்சியோபிளாஸ்டி, பைபாஸ், வால்வு மாற்றம் போன்ற பெரிய சிகிச்சைகளுக்குத் தனியாகத் தீவிர நோய் உதவித்தொகை. அது 1.25 லட்சத்திலிருந்து 1.5 லட்சம் ரூபாயாகியிருக்கிறது. ஆனால் இவை விண்ணப்பித்து, ஒப்புதல் பெற்று, பிறகு வரும் பணம். இன்று இரவு போட வேண்டிய மாத்திரைக்கு இன்றைக்கே காசு வேண்டும்.

பட்டாசு வட்டாரத்துக்கே உரிய இரண்டாவது கதவு ஒன்று இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. உங்கள் மனைவி பட்டாசு ஆலையிலோ, அச்சகத்திலோ இ.எஸ்.ஐ பிடித்தத்துடன் வேலை பார்த்தால், குடும்ப உறுப்பினராக உங்களுக்கும் இ.எஸ்.ஐ-யில் சிகிச்சையும் மருந்தும் உண்டு. சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ மருத்துவமனை இருக்கிறது. நீங்களே செக்யூரிட்டி வேலையில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கினால், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் உங்களை இ.எஸ்.ஐ-யில் சேர்த்தாக வேண்டும். உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவிகிதம் மட்டுமே. குறைந்தது 5 வருடம் இ.எஸ்.ஐ-யில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வுபெற்றால், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டி கணவன், மனைவி இருவரும் மருத்துவ வசதியைத் தொடரலாம். 120 ரூபாய்! ஒரு டீ விலைதான் ஒரு மாதத்துக்கு.

ஆனால், உள்குத்தகைக்கு விடப்பட்ட ஆலைகளிலும், வீட்டுத் திண்ணையிலும் வேலை பார்ப்பவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. தேசத்துக்காக நின்ற கணவனுக்கும் பதிவேடு இல்லை, தீபாவளிக்காக உழைக்கும் மனைவிக்கும் பதிவேடு இல்லை என்கிற வீடுகள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. இதய நோய் வந்தால் அவர்கள் நம்பியிருப்பது அரசு மருத்துவமனையை மட்டுமே.

அடுத்து வரப்போவது இன்னும் பெரிய வரிசை. 2022-ல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் நான்கு வருடங்கள் முடித்தவர்களில் அதிகபட்சம் 25 சதவிகிதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு பென்ஷன் இல்லை, முன்னாள் படைவீரர் அந்தஸ்து இல்லை, இ.சி.ஹெச்.எஸ் இல்லை. 25 வயதில் திரும்பிவரும் அந்தப் பையனுக்கு இன்றைக்கு மாத்திரை தேவைப்படாது. 55 வயதில் தேவைப்படும். அப்போது எந்தக் கவுன்ட்டரில் நிற்பான் என்ற கேள்வியை இப்போதே கேட்டாக வேண்டும்.

வீட்டுக்கே வரும் மாத்திரை சாத்தியம்தானா?

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான துறை, வெளிநோயாளி மருந்துகளில் சுமார் 80 சதவிகிதத்தைத் தபாலிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. மாத்திரை வாங்கப் பெரும்பாலும் பஸ் ஏற வேண்டியதில்லை. `அது பணக்கார நாடுப்பா' என்கிறீர்களா?

சரி, நம் தெருவுக்கே வருவோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய `மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பி.பி, சுகர் மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிவந்து கொடுக்கிறார்கள். 2023 ஜூன் 27 முதல் `இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலி என்று வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். கிராமத்து சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரைகளை எப்போதும் இருப்பில் வைக்க முடிகிறது என்றால், பாலிகிளினிக்கிலும் முடியும். இதய நோயாளிகளின் பட்டியல் பாலிகிளினிக் கையில் இருக்கிறது. அடுத்த மாதம் யாருக்கு என்ன மாத்திரை வேண்டும் என்பது இன்றைக்கே தெரிந்த விஷயம். திடீர்த் தேவையே இல்லாத ஒரு பொருளில் தட்டுப்பாடு வருவதற்கு நியாயமே கிடையாது.

தேவை மூன்றுதான். ஸ்டென்ட், பைபாஸ் ஆனவர்களின் உயிர்காக்கும் மாத்திரைகளுக்கு மட்டுமாவது குறைந்தபட்ச இருப்பைக் கட்டாயமாக்குவது. `என்.ஏ' என்று எழுதியதும் உள்ளூர் மருந்துக்கடையில் அன்றைக்கே வாங்கித் தருவது. வயதானவர்களுக்கு ஒரு மாதத்துக்குப் பதில் மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பது. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியவை

1. நாளை எண்ணுங்கள். மாத்திரை தீர்ந்த பிறகு பஸ் ஏறாதீர்கள். கையில் 10 நாளுக்கான மாத்திரை இருக்கும்போதே போங்கள். `என்.ஏ' வந்தாலும் சமாளிக்க அவகாசம் இருக்கும்.

2. மூலக்கூறு பெயரை எழுதி வாங்குங்கள். ஸ்டென்ட் வைத்த மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் ஆகும்போதே, கம்பெனி பெயரோடு மருந்தின் பொதுப் பெயரையும், எந்த மாத்திரையை எத்தனை மாதம் நிறுத்தவே கூடாது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். `இது இல்லைன்னா எதை மாற்றாகக் கொடுக்கலாம்' என்பதையும் கேட்டுவிடுங்கள். குளோபிடோக்ரெலும் டிகாக்ரெலாரும் ஒரே வேலையைச் செய்தாலும் நீங்களாக மாற்றிப் போடக் கூடாது. டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

3. `இல்லை' என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய் வார்த்தையாக `ஸ்டாக் இல்லை' என்றால் அது எங்கேயும் பதிவாகாது. சீட்டில் தேதியோடு முத்திரை கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள். அங்கிருக்கும் ஊழியர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள். சண்டை அவர்களோடு இல்லை. வெளியில் வாங்கி பில் போடுவதற்கான நாள் வரம்பும் தொகை வரம்பும் அவ்வப்போது மாறுவதால், அன்றைய விதியைப் பொறுப்பு அதிகாரியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. சின்ன பில்லையும் விடாதீர்கள். 300 ரூபாய் என்றாலும் விண்ணப்பியுங்கள். வீட்டில் பிள்ளைகள் யாராவது மாதத்துக்கு ஒருமுறை பில்களை மொபைலில் படம் எடுத்து, பைல் போட்டு வைத்தால் போதும். பணம் வருவது இரண்டாவது. குறை கணக்கில் ஏறுவது முதலாவது.

5. புகாருக்கு வழி உண்டு. பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரி, பிறகு மண்டல மையம், அதற்கும் மேல் மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளம். `கடந்த ஆறு மாதங்களில் இந்த மாத்திரை எத்தனை நாள்கள் இருப்பில் இல்லை?' என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். தனியாகக் கேட்பதைவிட, ஊரில் உள்ள முன்னாள் படைவீரர் சங்கம் மூலம் பத்துப் பேராகக் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.

6. இடைவெளியை ஜெனரிக்கால் நிரப்புங்கள். மக்கள் மருந்தகங்களில் மருந்து விலை 50 முதல் 80 சதவிகிதம் வரை குறைவு என்று அரசு சொல்கிறது. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகம் முழுக்க 1,000 முதல்வர் மருந்தகங்களும் திறக்கப்பட்டன. டிகாக்ரெலார், சாகுபிட்ரில்-வல்சார்டான் போன்ற ஒருகாலத்து விலையுயர்ந்த மாத்திரைகளுக்கும் காப்புரிமை முடிந்து ஜெனரிக் வந்துவிட்டது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. எந்தக் கதவு திறந்திருந்தாலும் சரி, ஒரு நாள் மாத்திரைகூட தவறக் கூடாது.

7. அம்மாவின் பெயரையும் பாருங்கள். வீரர் இறந்த பிறகு, குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கும் இந்தத் திட்டம் தொடர்கிறது. கார்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த பிறகு ஓடுகிற வீடுகள் அதிகம். இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.

8. மருத்துவக் காரணத்தால் வெளியே அனுப்பப்பட்டவரா? சேரும்போது இல்லாத நோய், சர்வீஸில் வந்திருந்தால் அது பணியால் வந்ததாகவே கருதப்பட வேண்டும் என்ற அடிப்படையில் 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடைத்தால் மருத்துவக் கார்டுக்கும் தகுதி வரும். 2023 செப்டம்பருக்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புதிய, கடுமையான விதிகள். பழைய மருத்துவ வாரியக் காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள், நல அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று...

டிசம்பர் 7 கொடி நாள். பள்ளிக்கூடத்தில், அலுவலகத்தில் நாம் எல்லோரும் உண்டியலில் காசு போட்டு, சட்டையில் கொடி குத்திக்கொள்வோம். மேலே சொன்ன உதவித்தொகைகள் அந்தக் கொடி நாள் நிதியிலிருந்துதான் வருகின்றன. அது நல்ல காரியம்தான், தொடர்ந்து போடுவோம். அதோடு, உங்கள் தெருவில் இருக்கும் மிலிட்டரிக்காரர் வீட்டுக்கு இந்த வாரம் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். சல்யூட் அடிக்க வேண்டாம். ``ஐயா, இந்த மாசம் மாத்திரை எல்லாம் கிடைச்சதா?'' என்று கேளுங்கள்.

`கிடைக்கலப்பா, ரெண்டு நாளா போடல' என்று அவர் சொன்னால், பஸ்ஸுக்கு நேரம் பார்க்காமல் அன்றைக்கே வாங்கிக் கொடுத்துவிட்டு, பில்லை மட்டும் பத்திரமாக வாங்கி வையுங்கள். அதை வைத்துத்தான் அடுத்த சண்டை.